பத்து நொடி வேலைக்குக்கூட நேரமில்லையா?

ஃபேன் ரிப்பேருக்கு மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஃபேன் றெக்கையைக் கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பத்து நொடி வேலை. அதைச் செய்யாததால் இன்று என் சீலிங் ஃபேனின் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், கருகிக் கிடக்கிறது. வயிறு எரிகிறது.

ஆரம்பத்தில் வேகம்தான் குறைந்தது. அப்புறம் லேசாக ஒரு முனகல். ஒருநாள் ஃபேனை நிறுத்தி, ஸ்டூல் போட்டு ஏறி மோட்டாரைத் தொட்டேன். இரண்டு நொடிக்கு மேல் கை வைக்க முடியவில்லை. முதலில் வந்தவர், "ஃபேன்னா சூடாகத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓடுகிற மோட்டார் சூடாகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையை வைத்துப் பிடித்திருக்க முடிகிற சூடு வேறு, வெடுக்கென்று இழுக்க வைக்கிற சூடு வேறு. சீலிங் ஃபேனில் காயில் நடுவில் அசையாமல் நிற்கும், வெளி ஓடுதான் சுற்றும். அந்த ஓடே இப்படிச் சுட்டால் உள்ளே காயில் என்ன பாடுபடும்? சூடு 10 டிகிரி கூடினால் காயில் கம்பியின் மேல் இருக்கும் காப்புப் பூச்சின் (இன்சுலேஷன்) ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மோட்டார் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கணக்கு. அது தெரிந்தவர் சொல்லும் பதிலா இது?

இரண்டாவது ஆள் செய்ததைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. வந்தார், மூடியை இறக்கினார், 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சரைக் கழற்றிவிட்டு 4 போட்டார். பழையதை அளந்து பார்க்கவில்லை. "இனி பறக்கும் பாருங்க" என்றார். பறக்கத்தான் செய்தது, இரண்டு வாரம். ஃபேனைக் கிளப்பிவிடும் ஸ்டார்டிங் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை அந்தக் கண்டன்சர்தான் அளந்து விடுகிறது. மதிப்பைக் கூட்டினால் அந்த மெல்லிய கம்பியில் தாங்க முடியாத அளவுக்கு மின்னோட்டம் பாயும். வேகம் கூடியதுபோலத் தெரியும், காயில் வெந்துகொண்டிருக்கும். நடு இரவில் வார்னிஷ் கருகும் வாடையில் எழுந்து சுவிட்சை அணைத்தேன். பிள்ளைகள் அந்த ஃபேனுக்குக் கீழேதான் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாமவர் மோந்து பார்த்துவிட்டு, "காயில் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார். ஏன் போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை.

அதற்கப்புறம் நானே இறக்கினேன். மெயினை அணைத்துவிட்டுத்தான். கண்டன்சரிலும் மின்சாரம் தேங்கி நிற்கும், அதை வெறுமையாக்காமல் யாரும் முனைகளைத் தொட வேண்டாம். றெக்கையைத் தள்ளினால் அரைச் சுற்று போய் நின்றுவிட்டது. நல்ல ஃபேன் தானாகப் பல சுற்று ஓடி மெல்ல நிற்க வேண்டும். ஓடு தடையில்லாமல் சுழல உதவும் பேரிங்கைப் பிரித்தால் கிரீஸ் காய்ந்து தூளாகக் கொட்டியது. ஆக, முதல் நாளிலிருந்தே கோளாறு பேரிங்கில்தான். இறுகிப்போன பேரிங்கை இழுக்க முடியாமல் மோட்டார் வேகம் குறைந்து, கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகியிருக்கிறது. கழற்றிப் போட்ட பழைய கண்டன்சரை மல்டிமீட்டரில் வைத்தேன். 2.4 காட்டியது. அதன் மேலேயே 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு குறையும் இல்லாத பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு, கூடாத பொருளை மாட்டியிருக்கிறார்!

எல்லாச் சூட்டுக்கும் பேரிங்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கண்டன்சர் உண்மையிலேயே செத்திருக்கலாம். மின்னழுத்தம் குறைவாக வரலாம். ரெகுலேட்டர் மட்டமானதாக இருக்கலாம். அதை விலக்கி நேரடியாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு ஃபேனின் றெக்கையை மாட்டியிருந்தாலும் சுமை கூடும். இதையெல்லாம் வரிசையாகப் பார்க்கத்தானே தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுகிறோம்? அளக்காமல், தொட்டுப் பார்க்காமல், கைக்கு வந்ததை மாட்டிவிட்டுக் கூலி வாங்க எப்படி மனம் வருகிறது?

ஃபேன் இப்போது காயில் கட்டப் போயிருக்கிறது. செம்புக் கம்பி, இரண்டு பேரிங்கும் புதிது என்று சொல்லியிருக்கிறேன். மோட்டார் ஓட்டின் மேல் "2.5 மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டித்தான் கொடுத்தேன்.