ஆள் இருக்கிறார்கள், வேலைதான் இல்லை

ஜூனில் பள்ளி திறந்தால் போதும், ஆசிரியர் பற்றாக்குறை என்று செய்தி வரத் தொடங்கிவிடும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வரும். இந்த ஒரு தெருவிலேயே பி.எட். முடித்தவர்கள் நான்கு பேர். ஒருவர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார், ஒருவர் தையல் தைக்கிறார், இன்னொருவர் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன்.

ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். 2014இல் சேரும்போது சம்பளம் 6,500 ரூபாய். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த மே மாத வெயிலில்தான் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். அப்படியும் வகுப்பறை எனக்குப் பிடித்தே இருந்தது. இயற்கணிதம் என்றாலே நடுங்கும் ஒரு பெண், ஒரு நாள் கரும்பலகையில் தானாகவே காரணிப்படுத்தி முடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

2020இல் கொரோனா வந்தது. ஏப்ரலில் பாதிச் சம்பளம், ஜூனில் அதுவும் இல்லை. கூட வேலை பார்த்த அறிவியல் சார் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். மறுபடி பள்ளி திறந்ததும் கூப்பிட்டார்கள். இரண்டு பேருமே போகவில்லை. சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

சரி, அரசுப் பள்ளிக்குப் போகலாமே என்பார்கள். 2013இல் தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவள் நான். முதலில் தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு பிளஸ் டூ மதிப்பெண் வரைக்கும் சேர்த்து, வெயிட்டேஜ் என்று தரவரிசை போட்டார்கள். 2018இல் அதை எடுத்துவிட்டு, நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். 58ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆனது, அடுத்த வருடமே 60. மூத்தவர்கள் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் காலியாக வேண்டிய இடங்கள் இரண்டு வருடம் தள்ளிப்போயின.

இடைப்பட்ட காலத்தைத் தற்காலிக ஆட்களை வைத்தே ஓட்டுகிறார்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி என்று 16,549 பகுதி நேரப் பணியிடங்களை உருவாக்கினார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. அது 12,500 ஆகப் பன்னிரண்டு வருடம் ஆனது. 2022இல் பெற்றோரும் ஆசிரியரும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக எடுத்த, சின்ன வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500. கொத்து வேலைக்குப் போகிறவர் பத்துப் பதினைந்து நாளில் இதைச் சம்பாதித்துவிடுவார். இந்தச் சம்பளத்தில் ஒருவர் எத்தனை வருடம் நிற்பார்?

நிற்க வைக்க வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் என்றைக்கு ஓய்வு பெறுவார் என்பது அவர் சேர்ந்த அன்றே தெரியும். அப்படியிருக்க, ஓய்வு பெற்ற பிறகு கணக்கெடுத்து, அதற்கப்புறம் தேர்வு வைத்து, அதற்கப்புறம் வழக்கு முடியக் காத்திருந்து இடத்தை நிரப்புவது ஏன்? ஒரு வருடம் முன்பே தேர்வை முடித்துப் பட்டியலைத் தயாராக வைக்கலாம்.

தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2009ஆம் வருடச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. பள்ளியின் செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் கட்டணம் முடிவாகிறது. அதே மேஜையில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் பன்னிரண்டு மாதமும் வங்கி வழியாகச் சம்பளம் போனதற்கான ஆதாரத்தையும் கேட்கட்டும். அது இல்லாவிட்டால் கட்டணத்தை உயர்த்தக் கூடாது. அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். அட்மிஷனுக்குப் போனால் வேன் வருமா, ஏசி வகுப்பு உண்டா என்று கேட்கிறோம். இந்த ஜூனில், நம் பிள்ளைக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், மே மாதச் சம்பளம் அவருக்கு உண்டா என்றும் கேளுங்கள்.