அகல் வட்டம் பகல் மழை

மழைப் பழமொழிகள் என்றாலே இங்கே இரண்டு கட்சி. முன்னோர் சொன்னது அத்தனையும் அறிவியல், வானிலை ஆய்வெல்லாம் எதற்கு என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம். எல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். சொன்னது நடக்கிறதா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

'அகல் வட்டம் பகல் மழை' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் மறுநாள் மழை. அடுத்த முறை அப்படித் தெரியும்போது கையை முழுசாக நீட்டி, விரல்களை அகல விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாமேல் வையுங்கள். சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடும். 22 டிகிரி. எப்போது அளந்தாலும் அதே அளவுதான். மிக உயரத்தில் மெல்லிய திரையாகப் பரவும் மேகத்தில் இருக்கிற அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை அந்தக் கோணத்தில் வளைப்பதால் வருவது அது. மழை மேகங்கள் வருவதற்கு முன்னால் இந்தத் திரை வந்து சேர்வது பல சமயம் நடக்கும். நிலாவை ஒட்டித் தெரியும் சின்ன வட்டம் வேறு, அது நீர்த்துளிகளின் வேலை. 'அகல்' என்று பிரித்துச் சொன்னவர் இரண்டையும் பல இரவு பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிடுவேன்.

எறும்பு முட்டையோடு திட்டை ஏறினால் மழை என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. குனிந்து பாருங்கள், வாயில் இருப்பது பெரும்பாலும் முட்டையே இல்லை, புழுவும் கூட்டுப்புழுவும்தான். புற்று கலைந்தாலும் அவை இடம் மாறும். ஈசல் கிளம்பினால் மழை வரும் என்ற கதையோ கிட்டத்தட்ட தலைகீழ்: மண் நனைந்து இளகிய பிறகுதான் அவை பெரும்பாலும் கூட்டமாகக் கிளம்புகின்றன. அப்புறம் சுவர்க்கோழி. அது கத்தும் வேகத்தை வைத்து வெப்பநிலையைக் கணக்கிட 1897-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பியர் ஒரு சூத்திரமே எழுதினார். ஆனால் அது சொல்வது அந்த நேரத்துச் சூட்டை, நாளைய சூட்டை அல்ல.

பூச்சிக்கும் பறவைக்கும் தெரிவது இப்போதைய காற்றும் ஈரமும்தான். கூடு கட்டிய உயரத்தைப் பார்த்து வருஷத்து மழையையே சொல்லும் பேச்சை நான் ஏற்கமாட்டேன். அதை நம்பி விதைத்தவனுக்கு யார் பதில் சொல்வது?

நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். வட்டம் தெரிந்த தேதி, மறுநாள் என்ன ஆனது, அவ்வளவுதான். சில நாள் பெய்திருக்கிறது, சில நாள் மேகம் வந்து கலைந்துவிட்டது. நேற்று ராத்திரியும் வட்டம் இருந்தது. கையை நீட்டி அளந்து குறித்துவிட்டேன். பக்கத்துக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.