வருஷம் முழுக்கத் தடைக்காலம்

அக்கா: அந்தக் கத்தியைக் கொஞ்சம் கொடு தம்பி. ஐஸ் பெட்டிக் கயிற்றை அறுத்துவிட்டுத் தருகிறேன். என் கை, கத்தி எல்லாம் உன் வஞ்சிரம்தான்.

தம்பி: ஐயோ, இதிலா? வேண்டாம் அக்கா.

அக்கா: ஏன், மொக்கையா?

தம்பி: மொக்கையா! காகிதத்தை நீட்டினால் சத்தமில்லாமல் இரண்டாகும். டைட்டானியம் கத்தி அக்கா இது.

அக்கா: அப்புறம் இன்னா? கயிறுதானே?

தம்பி: நைலான் கயிறு. அதில் மணல் இருக்கும். மணல் பட்டால் கூர் போய்விடும்.

அக்கா: ஓ, கத்தி உன்னுடையது இல்லையா? முன்பே சொல்லக் கூடாதா? இரவல் பொருளை நான் கேட்க மாட்டேன்.

தம்பி: என்னுடையதுதான்!

அக்கா: சரி சரி. யார் கேட்டாலும் அப்படியே சொல்லு.

(காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஞாயிற்றுக்கிழமை காலை. மீன் வெட்டும் அக்காவிடம் வஞ்சிரத்தைக் கொடுத்துவிட்டு நின்றவர் இந்தத் தம்பி. அவருக்குப் பின்னால் சங்கரா மீனோடு நான். வந்ததிலிருந்து அந்தக் கத்தியை டக்கென்று திறப்பதும் டக்கென்று மூடுவதுமாக இருந்தார். பேனா மூடியைத் திறந்து மூடுகிறவர்களைக்கூட நான் மன்னித்துவிடுவேன்.)

அக்கா: டைட்டானியம் என்றால், எங்கள் வீட்டுக்காரர் தொடையில் இருக்கிறதே, அதுவா?

தம்பி: தொடையிலா?

அக்கா: படகில் வழுக்கி எலும்பு உடைந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். துருப்பிடிக்காது, உடம்போடு ஒத்துப்போகும் என்று டாக்டர் சொன்னார்.

தம்பி: அதேதான் அக்கா! நூற்றுக்கு 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம், மீதி டைட்டானியம். கிரேடு 5 என்பார்கள். விமானத்துக்குப் போடுவதும் எலும்புக்குள் வைப்பதும் இந்தக் குடும்பம்தான்.

அக்கா: அந்தக் காலோடுதான் அவர் தினமும் ஐஸ் பெட்டி தூக்குகிறார். கீறல் விழும் என்று நான் அவரைத் துணி சுற்றிப் பீரோவிலா வைத்திருக்கிறேன்?

தம்பி: அது உள்ளே இருக்கிறது. இது வெளியே தெரிகிறதே அக்கா.

அக்கா: அவ்வளவு கெட்டியான சாமான், ஒரு கயிற்றுக்குப் பயப்படுகிறதா?

தம்பி: அது... அலகு டைட்டானியம் இல்லை. அலகு எஃகு. கைப்பிடிதான் டைட்டானியம்.

அக்கா: இரு, இரு. வெட்டுகிற இடத்தில் இரும்பு, பிடிக்கிற இடத்தில் டைட்டானியம். என் கத்திக்கு மரப்பிடி. நான் இதை மரக்கத்தி என்றா சொல்கிறேன்?

தம்பி: டைட்டானியத்தில் கூர் நிற்காது அக்கா. எஃகைப் பதம் ஏற்றினால், கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்கில் 60 வரை போகும். இது 36 பக்கம்தான். அதனால்தான் பையில் சாவி உரசினால்கூடக் கோடு விழுகிறது. ஆனால் எடையைப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், இது 4.4. பையில் இருப்பதே தெரியாது.

அக்கா: இருப்பதே தெரியாத கத்தியை, எல்லாரும் பார்க்கிற மாதிரி எதற்குக் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறாய்?

தம்பி: நீங்கள் வேலைப்பாட்டைப் பார்க்கவில்லை. இதோ, கைப்பிடித் தகட்டிலேயே ஒரு பக்கத்தை நீளவாக்கில் அறுத்து உள்பக்கம் வளைத்திருக்கிறார்கள். அலகு திறந்ததும் அந்தத் தகடு பின்னால் வந்து முட்டுக் கொடுக்கும். கட்டைவிரலால் தள்ளினால்தான் மூடும். டைட்டானியமும் எஃகும் உரசினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று, தகட்டின் நுனியில் மட்டும் சின்ன எஃகுத் துண்டு. கீலுக்குள் பீங்கான் குண்டு பேரிங்.

(எட்டிப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத வேலை. மூடியிருக்கும்போது அலகு இரண்டு தகடுகளுக்கும் சரி நடுவில் நிற்கிறது. எந்த விளிம்பும் கையைக் கடிக்காது. இப்படி ஒரு பொருளைச் செய்தவர் அதை யாரோ பயன்படுத்துவார்கள் என்று நம்பித்தான் செய்திருப்பார்.)

அக்கா: அந்தக் குண்டுக்குள் ஒரு மீன் செதில் போனால்?

தம்பி: மொத்தமாகக் கழற்ற வேண்டும்.

அக்கா: எதை வைத்து?

தம்பி: நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் இரண்டு. டி6, டி8. அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய். ஸ்க்ரூ தளராமல் இருக்கத் துளி பசை.

அக்கா: மறுபடி மாட்டத் தெரியுமா?

தம்பி: ஒரு தடவை ஒரு குண்டு உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது...

அக்கா: கத்திக்குச் சொந்தக்காரர் கண்டுபிடித்துவிட்டாரா?

தம்பி: சொந்தக்காரன் நான்தான் அக்கா!

அக்கா: சரி, கத்தாதே. கடல் தண்ணீர் பட்டால் இன்னா ஆகும்?

தம்பி: கைப்பிடியைக் கடலிலேயே போட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அலகில் 14 சதவீதம் குரோமியம் இருக்கிறது, துருவைத் தாங்கும். ஆனால் உப்பு அப்படியே காய்ந்தால் புள்ளி விழலாம்.

அக்கா: வேலை செய்யாத பாகத்துக்குப் பயமே இல்லை. வேலை செய்கிற பாகத்துக்குத்தான் எல்லாக் கஷ்டமும். நீ வேலை பார்க்கிற ஆபீசில் செய்ததா இது?

தம்பி: விளையாடாதீர்கள்.

அக்கா: என் கத்தி லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. காலையில் துரு ஏறியிருக்கும். கல்லில் நாலு இழுப்பு, முடிந்தது. உன்னுடையது எவ்வளவு?

தம்பி: 18,000. வீட்டில் 1,800 என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா: அப்படியென்றால் 1,800 ரூபாய்க் கத்தி மாதிரியாவது கயிறு அறுக்கலாமே. இதுவரைக்கும் இதில் இன்னாதான் வெட்டினாய்?

தம்பி: கூரியர் பெட்டி.

அக்கா: பெட்டிக்குள் இன்னா இருந்தது?

தம்பி: இந்தக் கத்திக்கு உறை.

அக்கா: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் போட்ட தடை. உன் கத்திக்கு வருஷம் முழுக்கத் தடைக்காலம். அதுவாவது குட்டி போடுமா?

தம்பி: இதற்கு 'எவ்ரிடே கேரி' என்று பெயர் அக்கா. தினமும் பையில் இருக்க வேண்டிய பொருள். உலகம் முழுக்க ஆட்கள் வைத்திருக்கிறார்கள்.

அக்கா: தினமும் பையில் வைத்துக்கொண்டு போகலாமா?

தம்பி: நான் போகிறேனே. பெரம்பூரில் இருந்து இங்கே வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா: உன்னைக் கேட்க மாட்டார்கள். என் பையன் விடிவதற்கு முன்னால் இந்தக் கத்தியைச் சாக்கில் சுற்றி வண்டியில் கொண்டு வருவான். வழியில் நிறுத்துவார்கள். சாக்கைப் பிரித்து மீன் வாடையை மோந்து பார்த்த பிறகுதான் விடுவார்கள். அவன் கையில் இருந்தால் ஆயுதம், உன் பையில் இருந்தால் ஹாபி. சினிமாக்காரன் எங்கள் தெருவைக் காட்டினாலும் முதலில் கத்தியைத்தான் காட்டுகிறான். அதே கத்தி மீனும் வெட்டும் என்று எவன் காட்டினான்?

(டக் டக் நின்றது. வஞ்சிரத்தில் இருந்து கத்தியை உருவி, பெட்டிக் கயிற்றில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தார் அக்கா. கயிறு அறுந்தது, ஐஸ் சரிந்தது. கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் மீனுக்கு வந்தார். தம்பி சட்டென்று இரண்டு அடி பின்னால் நகர்ந்தார், தண்ணீர் தெறித்துவிடப் போகிறதே என்று. தன் மேல் இல்லை, கத்தியின் மேல்.)

தம்பி: நீங்கள் சொல்வதும் சரிதான் அக்கா. நானும் யோசித்தேன். கயிறு, டேப், மாங்காய் மாதிரி முரட்டு வேலைக்குத் தனியாக ஒரு மலிவுக் கத்தி ஆர்டர் போட்டிருக்கிறேன். இதில் கீறல் விழாது பாருங்கள்.

அக்கா: குட்டி போட்டுவிட்டதா! எவ்வளவு?

தம்பி: 4,000.

அக்கா: அதற்கும் உறை உண்டா?

தம்பி: நாளைக்கு வரும்.

அக்கா: தலையைக் குழம்புக்குத் தனியாகப் போடவா, கூடவே சேர்த்துவிடவா? சீக்கிரம் சொல்லு, பின்னால் சங்கரா நிற்கிறது.