தாத்தா பாத்தா லயன்ஸ் தோக்கும்

(டெட்ராய்ட்ட ஒட்டி இருக்குற டியர்பார்ன். 2023 டிசம்பர் 24, சாயங்காலம் நாலரை மணி வாக்குல. அன்னிக்கு அமெரிக்கன் ஃபுட்பால் டீம் டெட்ராய்ட் லயன்ஸ் மின்னியாபோலிஸ்ல போயி வைக்கிங்ஸ் கூட ஆடுறாங்க, ஜெயிச்சா டிவிஷன் டைட்டில். என்.எஃப்.எல்.ங்கிற அந்த லீக்ல மொத்தம் 32 டீம், நாலு நாலா எட்டு டிவிஷன், லயன்ஸ் இருக்குறது என்.எஃப்.சி. நார்த்ல, கூட பேக்கர்ஸ், பேர்ஸ், வைக்கிங்ஸ், இந்த மூணு பேர்கிட்டயும் மாறி மாறி வாங்கிக் கட்டிக்கிறது தான் லயன்ஸோட வேலையே, ரொம்ப வருஷமா. வீட்டுக்குள்ள எல்லாரும் டிவி முன்னாடி. தாத்தா மட்டும் கராஜ்ல நிக்கிற பிக்கப் டிரக்குக்குள்ள கோட்டு, குல்லா எல்லாம் மாட்டிட்டு, ரேடியோவக் கூட போடாம உக்காந்திருக்கார். பேரன் செருப்பில்லாம ஓடி வர்றான்.)

பேரன்: தாத்தா! தாத்தா! கண்ணாடிய இறக்குங்க!

தாத்தா: எத்தன பாயின்ட்ல தோத்தாங்க?

பேரன்: தோக்கல தாத்தா, ஜெயிச்சாச்சு! 30-24!

தாத்தா: சரி. யாரு 30?

பேரன்: நாம தான் 30!

தாத்தா: நல்லா பாத்தியா? டிவிக்காரன் சில சமயம் மாத்திப் போட்ருவான்.

பேரன்: மேட்ச் முடிஞ்சே போச்சு தாத்தா, எல்லாரும் கட்டிப்புடிச்சுட்டு நிக்கிறாங்க, அம்மா அழுவுறாங்க, பாட்டி அவன்ல இருக்குற ஹாம மறந்துட்டு ஆடிட்டு இருக்காங்க.

தாத்தா: கொடி எதுவும் விழலயே? ஃபவுல்னு மஞ்சக் கொடி? எங்கயாச்சும் ஒரு ஓரத்துல ஒருத்தன் சும்மாவாச்சும் போட்டுருப்பான், திரும்பிப் போயி பாரு.

பேரன்: விழல.

தாத்தா: ரிவ்யூ?

பேரன்: ஒண்ணும் இல்ல தாத்தா! கடைசி நிமிஷம், வைக்கிங்ஸ் ஒரு டச்டவுன் போட்டா நம்ம கதை முடிஞ்சுது, முல்லன்ஸ் அவங்க ஆளு ஜெஃபர்சனப் பாத்து தூக்கி போடுறான், நடுவுல நம்ம மெலிஃபான்வூ பூந்து புடிச்சுட்டான், அவ்ளோதான்.

தாத்தா: முல்லன்ஸா? அது யாரு?

பேரன்: அவங்க குவார்ட்டர்பேக், பந்த தூக்கி போடுற ஆளு. மொதல்ல ஆடுன கசின்ஸ் கால் நரம்பு அறுந்து அக்டோபர்லயே போயிட்டாரே, அப்பறம் இன்னும் ரெண்டு பேர ட்ரை பண்ணி, இப்ப இவரு நாலாவது. இன்னிக்கு மட்டும் நாலு இன்டர்செப்ஷன் குடுத்தாரு.

தாத்தா: நாலாவது ஆள வச்சு ஆடுறான், அவனும் பந்த நாலு தடவ நம்ம கைலயே குடுக்குறான், அப்பவும் கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்துருக்கானுங்க பாரு நம்மாளுங்க. ஆங், இது லயன்ஸ் தான். இப்ப கொஞ்சம் நம்புறேன்.

பேரன்: உள்ள வாங்க தாத்தா, ப்ளீஸ்.

தாத்தா: வரமாட்டேன். இன்னும் டிவி ஓடுதுல்ல?

பேரன்: மேட்ச் தான் முடிஞ்சிருச்சே! நீங்க பாத்தா என்ன ஆயிடும்?

தாத்தா: உனக்கு விஷயம் தெரியாது. உக்காரு, சொல்றேன். கதவ சாத்து, குளுருது. இந்த சீசன் மொத மேட்ச் யார் கூட?

பேரன்: சீஃப்ஸ் கூட, அவங்க ஊர்லயே. சாம்பியன் டீம அடிச்சோமே, 21-20.

தாத்தா: அன்னிக்கு நான் தூங்கிட்டேன். வியாழக்கெழம ராத்திரி எட்டரைக்கு மேட்ச் வச்சா எவன் முழிச்சிருப்பான்? சொந்தப் பக்கம் 17வது கெஜத்துல நின்னுக்கிட்டு பந்த ஒதைக்கிற மாதிரி ஏமாத்தி ஓடுனானுங்களாம்ல, அத நான் பாத்துருந்தா அந்த எடத்துலயே கீழ விழுந்துருப்பான். சரி, அக்டோபர்ல ரேவன்ஸ் மேட்ச்?

பேரன்: 38-6 தோத்தோம்.

தாத்தா: முழுசா பாத்தேன். சிப்ஸ் வாங்கி வச்சுக்கிட்டு பாத்தேன். நவம்பர்ல பேர்ஸ் வந்தாங்களே, மொத மேட்ச்?

பேரன்: அது செம மேட்ச் தாத்தா! நாலு நிமிஷம் சொச்சம் தான் பாக்கி, 26-14னு பின்னாடி இருந்து 31-26ல ஜெயிச்சோம்.

தாத்தா: 26-14 ஆனதும் நாய இழுத்துட்டு வெளிய போயிட்டேன். திரும்பி வந்தா தெருவே கத்துது. சரி, நாலு நாள் கழிச்சு தேங்ஸ்கிவிங். அன்னிக்கு ஆடுற வழக்கம் 1934ல ஆரம்பிச்சது, நம்ம டீம் ஆடாம இந்த ஊர்ல வான்கோழிய வெட்டமாட்டாங்க. குடும்பமே உக்காந்துருக்கு, நான் மட்டும் எப்டி எந்திரிச்சுப் போறது? உக்காந்து பாத்தேன். என்னாச்சு?

பேரன்: பேக்கர்ஸ் கிட்ட 29-22. நம்ம குவார்ட்டர்பேக் கோஃப் மூணு தடவ பந்த நழுவ விட்டாரு.

தாத்தா: அவரு நழுவ விடல. நான் பாத்தேன், நழுவுச்சு. அப்பறம் டிசம்பர்ல சிகாகோ போயி பேர்ஸ் கூட ஆடுனது?

பேரன்: 28-13 தோல்வி. நீங்க பாத்தீங்களா?

தாத்தா: உங்க மாமா வீட்ல. பெரிய டிவி. போன வாரம் பிராங்கோஸ் மேட்ச்?

பேரன்: 42-17 ஜெயிச்சோம், லபோர்டா மட்டும் மூணு டச்டவுன்… நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க?

தாத்தா: பேஸ்மென்ட்ல வாட்டர் ஹீட்டர ரிப்பேர் பண்றேன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்.

பேரன்: வாட்டர் ஹீட்டர் நல்லா தானே இருந்துச்சு?

தாத்தா: இப்பவும் நல்லா தான் இருக்கு.

பேரன்: தாத்தா, இதெல்லாம் தற்செயல். 2008ல 16 மேட்ச்ல 16ம் தோத்தாங்க. ஒரு மேட்ச் கூடவா நீங்க பாக்காம விட்டிருக்க மாட்டீங்க?

தாத்தா: விடலயே. பதினாறும் பாத்தேன்.

பேரன்: பதினாறுமா?!

தாத்தா: அப்ப எனக்கு விஷயம் தெரியாதுடா! தெரிஞ்சிருந்தா ஒரு ஞாயித்துக்கெழமையாவது சர்ச்சுல இருந்துருப்பேன், 1-15னு கொஞ்சம் மானத்தோட முடிஞ்சிருக்கும். என்.எஃப்.எல். சரித்திரத்துலயே மொத 0-16ன்னு பேர் வாங்கிக் குடுத்ததுல எனக்கும் பங்கு இருக்கு.

பேரன்: அது நம்ம பழைய குவார்ட்டர்பேக் பாபி லேய்ன் விட்ட சாபம்னு தானே சொல்லுவாங்க?

தாத்தா: 58ல அவர பிட்ஸ்பர்க்குக்கு தள்ளி விட்டதும் இன்னும் 50 வருஷத்துக்கு நீங்க ஜெயிக்கமாட்டீங்கன்னு சொல்லிட்டுப் போனதா ஊர்ல பேச்சு, சொன்னாரோ இல்லயோ, கணக்கு போட்டா சரியா 2008ல தான் முடியுது, முடியிற வருஷம் வட்டியோட வசூல் பண்ணிட்டுப் போயிருச்சு. ஆனா அதுக்கு முந்தி 57ல சாம்பியன் ஆனாங்களே, க்ளீவ்லேண்ட 59-14ன்னு அடிச்சு, அன்னிக்கு எனக்கு எட்டு வயசு. தட்டம்மை. போர்வைக்குள்ள கெடந்தேன், எங்கப்பா ஹால்ல கத்துறது தான் காதுல விழுந்துச்சு.

பேரன்: …பாக்கல.

தாத்தா: பாக்கல. அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் ப்ளேஆஃப்ல, அதான் சீசன் முடிஞ்சு வர்ற நாக்அவுட்ல, ஜெயிச்சது எத்தன?

பேரன்: ஒண்ணே ஒண்ணு. 1992 ஜனவரி, டல்லாஸ் கூட, 38-6.

தாத்தா: ஃபேக்டரில ஓவர்டைம். உங்க பாட்டி பாத்தா. இத்தன வருஷமா அத சொல்லிக் காட்டிட்டே இருக்கா.

பேரன்: (கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு) தாத்தா, எனக்கே இப்ப லேசா பயமா இருக்கு.

தாத்தா: அதான் சொல்றேன். கண்ணாடிய ஏத்து.

பேரன்: இருங்க இருங்க, 1993 டிவிஷன் டைட்டில்? அத நீங்க பாத்தேன்னு அம்மா சொன்னாங்களே, தெருவுக்கே பீர் வாங்கிக் குடுத்தீங்களாமே!

தாத்தா: அத ஏன்டா கெளப்புற. ஆமா, பாத்தேன், கடைசி மேட்ச்ல பேக்கர்ஸத் தோக்கடிச்சு டைட்டில். சரி நம்ம ராசி மாறிடுச்சுன்னு நெனச்சு தான் பீரு. அடுத்த வாரமே அதே பேக்கர்ஸ் அதே ஸ்டேடியத்துக்கு ப்ளேஆஃபுக்கு வந்தான். நான் ஸ்டாண்ட்ல இருக்கேன். ஒரு நிமிஷம் கூட பாக்கி இல்ல, அவங்க குவார்ட்டர்பேக் ஃபாவ்ர் இந்த மூலைல ஓடிக்கிட்டே அந்த மூலைக்கு ஒண்ணு தூக்கி அடிச்சான் பாரு, அவங்க ஆளு ஷார்ப் கைல போயி விழுந்துச்சு, 28-24. பீர் குடிச்சவன் எவனும் அதுக்கப்பறம் என் மொகத்தப் பாத்து பேசல.

பேரன்: நம்ம பழைய ஸ்டேடியம் சில்வர்டோம் தானே அது? இப்ப அதுவும் இல்ல.

தாத்தா: அத இடிக்கவே மொத நாள் முடியலடா! 2017 டிசம்பர்ல, எல்லாரும் வேடிக்க பாக்க நிக்கிறோம், வெடி வெடிச்சுது, புகை வந்துச்சு, ஸ்டேடியம் அப்டியே நிக்குது. லயன்ஸ் ஆடுன எடத்துல நான் பாத்ததுலயே நல்ல டிஃபென்ஸ் அதான். மறுநாள் தான் விழுந்துச்சு.

பேரன்: மறுநாள் நீங்க போகலயா?

தாத்தா: பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்.

பேரன்: ஐயோ தாத்தா!

தாத்தா: சிரிக்காத. நான் பட்டது உனக்கென்ன தெரியும், பேரி சாண்டர்ஸ் மாதிரி ஒருத்தன் நம்ம டீம்ல ஓடுனான், அந்த மாதிரி இன்னொருத்தன் பொறக்கல, 99ல சீசன் தொடங்கப் போற நேரத்துல அவன் சொந்த ஊர் பேப்பருக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிட்டு ரிட்டையர் ஆயிட்டான். ஃபேக்ஸ்! நேர்ல வந்து சொல்லக் கூட மனசு வரல பாரு. அப்பறம் கால்வின் ஜான்சன், அவனும் தெம்பு இருக்கும்போதே போதும்டா சாமின்னு கெளம்பிட்டான். குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்ட் பன்னெண்டு வருஷம் இங்க அடி வாங்குனான், ராம்ஸுக்குப் போனான், அங்க ஆடுன மொத சீசன்லயே சூப்பர் பவுல் ஃபைனல ஜெயிச்சு கப்ப தூக்கிட்டான்.

பேரன்: ஆனா அவருக்கு பதிலா தானே கோஃப் வந்தாரு, கூட புது ஆளுங்கள எடுக்குற டிராஃப்ட்ல ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கும் வந்துச்சு! ராம்ஸ் இவர வச்சு சூப்பர் பவுல் வரைக்கும் போயிட்டு வேணாம்னு அனுப்புனாங்க, இன்னிக்கு ஊரே அவர் பேரச் சொல்லிக் கத்துது. கோச் கேம்ப்பெல்லும் 2008 டீம்ல இருந்தவர் தான் தாத்தா, அந்த 0-16 டீம்ல!

தாத்தா: தெரியும், காயம்னு ஒரே ஒரு மேட்ச் ஆடுனான், புத்திசாலி. வந்த அன்னிக்கே பிரஸ் மீட்ல எதிராளி முழங்கால் முட்டியக் கடிப்போம்னு சொன்னான்ல, நான் கூட நெனச்சேன், சரிதான், இவனுக்கும் பிடிச்சுருச்சுன்னு. மொத வருஷம் 3-13-1, மூணு ஜெயிச்சு, பதிமூணு தோத்து, ஒண்ணு டை, கடிச்சது எங்க முட்டிய தான்.

பேரன்: போன வருஷம் 1-6ல இருந்து 9-8க்கு கொண்டு வந்தாரு. இப்ப 11-4. இந்த டிவிஷனுக்கு நார்த்னு பேர் வச்சது 2002ல, அதுலேர்ந்து மத்த மூணு டீமும் மாறி மாறி ஜெயிச்சுது, நாம மட்டும் தான் பாக்கி, இன்னிக்கு தான் கணக்கு தீந்துச்சு. அது மட்டுமில்ல, டிவிஷன் ஜெயிச்சா ப்ளேஆஃப் மேட்ச் ஒண்ணாவது சொந்த ஊர்ல. நம்ம ஸ்டேடியம் ஃபோர்ட் ஃபீல்டு கட்டுனதுலேர்ந்து லயன்ஸ் ப்ளேஆஃப் அங்க நடந்ததே இல்ல!

தாத்தா: இங்கயா? ஜனவரிலயா?

பேரன்: ஆமா. அதான் அம்மா என்ன அனுப்புனாங்க, உங்களுக்கு கிறிஸ்துமஸ் கிஃப்டா டிக்கெட் வாங்கப் போறாங்க. நீங்க, நான், பாட்டி.

தாத்தா: ஐயையோ! வேணாம்டா! பாட்டிய கூட்டிட்டு போ, அவ தான் டல்லாஸ் மேட்ச் பாத்தவ. நான் வந்தா மொத பந்துலயே கோஃப் கால் பெசகும்.

பேரன்: தாத்தா, ஒரு விஷயம் சொல்லவா? பக்கத்து வீட்டு அங்கிள் இன்னிக்கு மேட்ச் பூரா பாத்ரூம்ல இருந்தாராம், அவர் பாத்தா தோக்குமாம். என் ஃப்ரெண்டோட அப்பா ஹைவேல சும்மா டொலீடோ வரைக்கும் போயிட்டு வந்துருக்காரு. அம்மா கடைசி டிரைவ் பூரா கண்ண மூடிட்டு தான் இருந்தாங்க. இந்த ஊர்ல எல்லாருமே தன்னால தான் தோக்குதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க தாத்தா!

தாத்தா: அந்தாளா? பக்கத்து வீட்டுக்காரனா? அவன் 2013ல தான் ஓஹையோலேர்ந்து வந்தான்! 0-16க்கு அவன் எப்டி பங்கு கேக்கலாம்?

பேரன்: கேக்குறாரே.

தாத்தா: நாளைக்கு பேசிக்கிறேன். சரி, எல்லாரும் இப்டி பயந்தா ஸ்டேடியத்துக்கு எவன் போவான்? 65,000 சீட் காலியா கெடக்கும். டிக்கெட் சல்லிசா கெடைக்கும்ல?

பேரன்: (போன பாத்துட்டு) நாம பேச ஆரம்பிச்சதுலேர்ந்து இப்ப வரைக்கும் வெல ஏறிட்டே இருக்கு தாத்தா. இன்னும் யார் கூட ஆடப்போறோம்னே முடிவாகல, அதுக்குள்ள.

தாத்தா: இவ்ளோ பட்டும் இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது புத்தி வந்துருக்கா பாரு.

பேரன்: அப்ப உங்களுக்கு வேணாம்?

தாத்தா: வேணாம்னு யாருடா சொன்னா?

பேரன்: இப்ப தானே…

தாத்தா: எனக்கும் ஒண்ணு போடு. ஓரத்து சீட்டா பாத்துப் போடு. கடைசி நாலு நிமிஷம் பின்னாடி இருந்தாங்கன்னா, நான் சட்டுன்னு எந்திரிச்சு வெளிய போகணும்.