தவளைத் தோல் பெப்டைடுகள்: விடுபட்ட சில விவரங்கள்

தவளைத் தோல் சுரப்பிலுள்ள பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள்) புற்றுநோய்ச் செல்களைக் கொல்கின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறியது; அதன் காரணத்தையும் அது விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1987இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத்தவளையில் கண்டறிந்த மகைனின், 23 அமினோ அமிலங்களே கொண்ட, நேர்மின்னூட்டமுள்ள பெப்டைடு. பாக்டீரியாவின் சவ்வும், வழக்கமாக உட்புறம் இருக்கும் பாஸ்பாட்டிடைல்செரீன் என்னும் கொழுப்பு மூலக்கூறு வெளிப்புறம் திரும்பிவிட்ட புற்றுநோய்ச் செல்லின் சவ்வும் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால், மகைனின் அவற்றில் ஒட்டிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. நலமான செல்களில் அந்த ஈர்ப்பு குறைவு. எனினும் மகைனினிலிருந்து உருவான பெக்சிகனான் என்னும் நீரிழிவுக் கால்புண் மருந்துக்கு 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்கவில்லை. நீரிழிவால் காலை இழந்தவர்களைப் பினாங்கில் கண்டுவரும் எனக்கு அது பெரும் வருத்தமே. மெல்லிய மின்தூண்டலால் தவளையைக் கொல்லாமலே சுரப்பைச் சேகரிக்க முடியும் என்பதால், நம் பினாங்குக் கொடிமலையின் தவளைகளையும் ஆய்வாளர்கள் அவ்வாறே ஆராய வேண்டும்.