காவிரிக்கு மட்டும் எங்களைத் தேடாதீர்கள்

பெங்களூரு சிவாஜிநகரில் இருந்துகொண்டு தமிழ்ச் செய்தி அனுப்பிப் பிழைக்கிறவள் நான். 2007-இல் இந்த வேலைக்கு வந்தேன். சென்னையில் உட்கார்ந்து செய்தி போடுகிறவர்களிடமும் அதைப் பார்க்கிறவர்களிடமும் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

2016 செப்டம்பர் 8. புனித மரியன்னை பேராலயத்தில் மாதா பிறந்தநாள் தேர். ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடி ஏறியதிலிருந்தே இங்கே ஊர் மாறிவிடும். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் நகர முடியாது. எங்கே பார்த்தாலும் காவி. புதிதாக வருகிறவர்கள் முருகன் கோயில் கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் உடுத்துகிற அதே காவிதான். நெற்றியில் திருநீறு கலையாமல் எங்கள் அம்மாவும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். நானும் கும்பிட்டுவிட்டுத்தான் குறிப்பேட்டை எடுப்பேன். அந்த வருஷம் மனசு நிறைய எழுதி அனுப்பினேன். இடமில்லை என்றார்கள்.

நாலே நாளில், 12-ஆம் தேதி, போன் மேல் போன். உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 12,000 கன அடி காவிரித் தண்ணீரைத் திறக்கச் சொன்ன நாள் அது. பேருந்துகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது, ஊரின் பல பகுதிகளில் ஊரடங்கு. 1991-இல் இதே காவிரிக்காகத் தமிழர்கள் மேல் நடந்த கலவரத்தைப் பார்த்த வீடுகளில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அந்தப் பயம் பொய்யில்லை, அது செய்தி இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு போனிலும் ஒரே கேள்விதான்: “உங்க தெருவுல என்ன எரியுது?”

எங்கள் தெருவில் எதுவும் எரியவில்லை. மறுநாள் பக்ரீத், வாசல்களில் ஆடு கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டுக் கன்னட அக்கா பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரம் எங்கள் கேபிளில் தமிழ் சேனல் எதுவும் வரவில்லை. அக்காவே ரிமோட்டை எடுத்து ஒரு கன்னட சீரியலை வைத்து, சத்தத்தைக் கூட்டினார். தெருவில் போகிறவன் காதில் கன்னடம் விழட்டும் என்று. பத்து மணிக்கு மேல்தான் எழுந்து போனார். மறுநாளும் வந்தார்.

இதை நேரலையில் சொல்ல ஆரம்பித்தேன். “சரிங்க, பேருந்து எத்தனை எரிஞ்சிருக்கு?” என்று கேட்டுவிட்டார்கள். இத்தனை வருஷமாகியும் அது எனக்கு ஆறவில்லை. எரிந்த பேருந்தும் அந்த அக்கா கூட்டிய சத்தமும் ஒரே நாளின் செய்தி. ஒன்றை மட்டும் காட்டினால் தஞ்சாவூரில் டிவி பார்க்கிறவருக்கு பெங்களூரு முழுக்கப் பகையூராகத்தான் தெரியும். அப்புறம் இங்கே கடை வைத்திருக்கிற தமிழன்தான் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காவிரி விவாதங்களில் இரண்டு பக்கம் ஆள் உட்காருகிறார்கள். எங்களுக்கு எந்தப் பக்கம் நாற்காலி? 2018 தீர்ப்பில் பெங்களூருவின் குடிநீருக்கென்று 4.75 டிஎம்சி ஒதுக்கினார்களே, அது எங்கள் வீட்டுக் குழாயிலும்தான் வருகிறது. திருவையாற்றில் பெரியப்பா வயலுக்கு வேண்டியதும் அதே ஆறுதான். இரண்டு பக்கமும் தாகம் தெரிந்தவர்களை ஒருநாளாவது கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம்.

சித்ரா பௌர்ணமி இரவு பெங்களூரு கரகத் திருவிழாவில் கரகம் புறப்படும்போது தர்மராயர் கோயில் பக்கம் வந்து பாருங்கள். பெண் வேடமிட்டவர் தலையில் மல்லிகைக் கரகம், சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். அது வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் போகும். கரகமாக வருகிறவள் யார்? திரௌபதி. நம் வட மாவட்டங்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, தீ மிதிக்கிறார்களே, அதே திரௌபதியம்மன். விடிய விடிய நின்று பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். இது தமிழ் வாசகருக்கு ஒரு பத்தி அளவுகூடப் போய்ச் சேரவில்லையே என்ற வருத்தமும் வரும்.

செய்தியாளருக்கு பக்தி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கை இருக்கிறது, மறைக்கவில்லை. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வரிசையில் நிற்கும்போதுதான் யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோனது, எந்தப் பள்ளியில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் இல்லை என்பதெல்லாம் காதில் விழுகிறது. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற இடத்தில் ஒருமணி நேரம் நின்றால் ஒரு வாரத்துக்குச் செய்தி கிடைக்கும். மைக்கைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் இதெல்லாம் யார் சொல்வார்கள்?

2009 ஆகஸ்ட் 9, அல்சூர் ஏரிப் பக்கம் பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறந்தபோது இரண்டு மாநிலக் கேமராக்களும் வந்தன. நல்லதுதான். வள்ளுவர் அங்கேயேதான் இருக்கிறார், கேமராக்கள்தான் கிளம்பிவிட்டன.

அம்மா இன்றைக்கும் தமிழ் சீரியல் முடிந்ததும் கன்னட சேனலுக்கு மாற்றிவிடுவார். 2016-இல் ஆரம்பித்த பழக்கம். எதிர்வீட்டு அக்கா அதற்குள் வந்துவிடுவார், காபியோடு.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு இந்த வருஷமும் போவேன். நாலு பத்தி எழுதி அனுப்புவேன். டெஸ்க்கில் இருக்கிற தம்பி, தங்கைகளே, இந்த முறை அதற்கு இடம் வையுங்கள்.