எங்கள் வீட்டுக்கு நேரே ஒரு கேள்விக்குறி

போன தேர்தல் சமயத்தில் எங்கள் தெருவின் பூத் கமிட்டி அண்ணன் வாக்காளர் பட்டியலை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு போண்டா வாங்க எழுந்தார். எட்டிப் பார்த்துவிட்டேன். தப்புதான். ஒவ்வொரு பெயருக்கும் நேரே பென்சிலில் ஒரு குறி. நம்ம ஆள் என்றால் டிக், அந்தக் கட்சி என்றால் பெருக்கல். எங்கள் வீட்டு நாலு ஓட்டுக்கும் நேரே கேள்விக்குறி. தர்மபுரியில் பிறந்து அதே தெருவில் தாடி நரைத்தவனுக்குக் கேள்விக்குறியா என்று சுருக்கென்றது.

இதை நண்பரிடம் சொன்னால், "ஹிட்லர் ஜெர்மனியிலயும் இதேதான் நடந்துச்சு, பேருதான் வேற" என்றார். வட்டச் செயலாளர் முறைத்தாலே ஹிட்லரை இழுக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அங்கே நடந்தது வேறு. எந்த இடத்தில் வேறு என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஹிட்லரின் நாஜிக் கட்சியில் ஆகக் கீழ்மட்டப் பொறுப்பாளர் பிளாக்லைட்டர். ஜனங்கள் வாயில் பிளாக்வார்ட். நாற்பது முதல் அறுபது வீடுகள் அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது, பகலில் தன் வேலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் படியேறிப் படியேறிக் கதவைத் தட்டுவார். மாடிப்படி நாய் என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் கதவைத் திறக்காமல் இருக்க முடியாது. 1933-லிருந்து குளிர்காலங்களில் மாதம் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒரே சட்டியில் பொங்கிய எளிய சாப்பாடுதான் சாப்பிட வேண்டும், மிச்சமான காசை ஏழைகள் நிதிக்குத் தர வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. கேட்க நல்லதாகத்தானே இருக்கிறது? அந்தக் காசை வசூலிக்க வருவதும் இவர்தான். யார் முகம் சுளித்தார்கள், யார் குறைத்துக் கொடுத்தார்கள், ஹிட்லர் பிறந்தநாளுக்கு எந்த ஜன்னலில் கொடி தொங்கவில்லை, யார் 'ஹைல் ஹிட்லர்' வணக்கத்தை வாய்க்குள் முணுமுணுத்தார்கள், எல்லாம் கண்ணில் பட்டுவிடும். வீட்டுக்கு ஒரு அட்டை, அதில் குறிப்பு. அரசு வேலைக்கோ கடனுக்கோ மனுப் போட்டால் 'இவர் அரசியலில் நம்பத்தக்கவரா' என்று கட்சியைக் கேட்பார்கள். கட்சி, கீழே இவரைக் கேட்கும்.

நாம் உளவாளி என்றால் தொப்பியை இறக்கிவிட்ட யாரோ ஒருவனை நினைக்கிறோம். இவர் பக்கத்து வீட்டுக்காரர். போர்க்காலத்தில் ரேஷன் அட்டை கொண்டுவந்து தந்ததும், குண்டு போட வரும் விமானத்துக்குத் தெரியாதபடி வீட்டு விளக்கை மறைத்திருக்கிறார்களா என்று பார்த்ததும் இவர்தான். குண்டு விழுந்த வீட்டுக்கு உதவி கேட்கப் போனதும் இவரிடம்தான். உதவியும் வேவும் ஒரே கையில். எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. கியூபாவில் 1960-ல் தொடங்கிய தெருக் கமிட்டிகளும் இந்த ரகம்தான்: தடுப்பூசி, ரத்த தானம், தெரு சுத்தம், கூடவே யார் வீட்டுக்கு யார் வருகிறார் என்ற கண்காணிப்பு. வடகொரியாவில் இருபது முப்பது வீட்டுக்கு ஒரு தலைவி. எந்த வீட்டில் எத்தனை கரண்டி என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்களாம். விருந்தாளி ராத்தங்கினால் பதிவு செய்ய வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் வந்து திண்ணை வரைக்கும் படுத்துக் கிடக்கும் சொந்தங்களை நினைத்துப் பார்த்தேன். ஒரு நோட்டு பத்தாது.

சரி, நம்ம ஊர். வாரிசுச் சான்றிதழுக்கு நான் அலைந்த கதை தனி. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் மூன்று வாரம் "பாக்கலாம் தம்பி" என்றே இழுத்தார். எரிச்சலில் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளரிடம் போனேன். அடுத்த நாளே பைக்கில் உட்காரவைத்து ஆபீசுக்குக் கூட்டிப்போனார். என் மேல் உள்ள பாசமெல்லாம் இல்லை. "அவரு செய்யல, நாங்க செஞ்சோம்" என்று தெருவில் சொல்லிக்கொள்ளலாமே. இவரைப் பிடிக்கவில்லையா, அவரிடம் போ. ஹிட்லர் ஜெர்மனியில் இந்த 'அவர்' கிடையாது. 1933 ஜூலையில் நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அப்புறம் படியேறி வருகிறவர் ஒரே ஒருவர்தான், அவரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமானாலும் அவர் கட்சியிடமே போக வேண்டும்.

அதற்காக நம்ம ஆட்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. பெருக்கல் போட்ட வீட்டுக்குத் தெருவிளக்கு லேட்டாகத்தான் எரியும், எனக்கும் தெரியும். இப்போது பென்சில் போய் ஆப் வந்திருக்கிறது, போன் நம்பர் வரை ஏற்றுகிறார்கள். அது எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேள்விக்குறி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், அண்ணனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கட்டுமா என்று. களி கிண்டிக்கொண்டிருந்தவர் துடுப்பை நிறுத்தாமல் சொன்னார்: "கேட்டு வைக்காதடா. அது இருக்கறவரைக்கும்தான் ரெண்டு கட்சிக்காரனும் நம்ம வீட்டுக்கு வருவான்."